மஞ்சள் திட்டை நீக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை: தோல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தோல் மருத்துவர்களுக்கும், தோல் மருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை வகுக்கும் சங்கங்களுக்கும்,

வணக்கம்.

நான் மருத்துவன் இல்லை. தோல் தடித்துச் செதில் உதிரும் சோரியாசிஸ் என்ற நோயோடு பல வருடங்களாக வாழ்கிறவன். என் நோயைப் பற்றி வரும் ஆய்வுகளைத் தேடிப் படிப்பது பழக்கமாகி, அதிலிருந்து தோலுக்கும் ரத்தக் கொழுப்புக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகளுக்குப் போய்விட்டேன். படிக்கப் படிக்க ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை உங்களிடம் சொல்லத்தான் இந்த மடல்.

என் கோரிக்கை சிறியது. ரத்தக் கொழுப்போடு தொடர்புடைய ஓர் அடையாளத்தைத் தோலில் பார்த்தால், நோயாளி உங்கள் அறையை விட்டு எழுந்து போவதற்குள் ரத்தக் கொழுப்பின் அளவுகளைப் பார்க்கும் லிப்பிட் பரிசோதனை ஒன்றுக்கு எழுதிக் கொடுங்கள். "வீட்டில் யாருக்காவது சின்ன வயதிலேயே மாரடைப்பு வந்திருக்கிறதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பரிசோதனை முடிவு, அதைப் பார்த்துச் செயல்பட வேண்டிய மருத்துவர் கையில் போய்ச் சேர ஒரு வழி செய்யுங்கள்.

இதை ஏன் இருதய மருத்துவரிடம் கேட்காமல் உங்களிடம் கேட்கிறேன்? முப்பத்தைந்து வயதில், நெஞ்சுவலி எதுவும் இல்லாத ஒருவர் இருதய மருத்துவரைத் தேடிப் போகமாட்டார். ஆனால் கண்ணிமையில் மஞ்சளாக ஒரு திட்டு வந்தால், கண்ணாடியில் அது உறுத்தும், உங்களிடம் வந்துவிடுவார். அதை எடுத்துவிடச் சொல்வார். லேசரோ அமிலப் பூச்சோ அறுவையோ செய்து நீங்களும் எடுத்துவிடுவீர்கள். அவர் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போவார். அந்தத் திட்டு சொல்ல வந்தது என்ன என்பதை யாருமே கேட்காமல் போய்விடும்.

இமைத் திட்டிலிருந்தே தொடங்குகிறேன். சாந்தெலாஸ்மா என்று நீங்கள் அழைக்கும் அந்தத் திட்டு, கொலஸ்ட்ராலை விழுங்கி நுரைத்த செல்கள் தோலுக்கடியில் சேர்ந்து உண்டாவது. ரத்தக்குழாய்ச் சுவரில் கொழுப்பு படியும்போது அங்கே சேர்வதும் இதே வகை நுரைச் செல்கள்தான். இந்தத் திட்டு இருப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தக் கொலஸ்ட்ரால் அளவு இயல்பாகவே இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனாலேயே பலர் இதை வெறும் அழகுப் பிரச்சினை என்று தள்ளிவிடுகிறார்கள் என நினைக்கிறேன்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர இருதய ஆய்வு இந்த எண்ணத்தைத்தான் அசைத்துப் பார்த்தது. 1976 முதல் 1978 வரை சேர்க்கப்பட்ட 12,745 பேரை 2009 வரை பின்தொடர்ந்தார்கள். சராசரியாக ஒருவருக்கு 22 ஆண்டுகள். தொடக்கத்தில் இவர்கள் யாருக்கும் ரத்தக்குழாய் அடைப்பு நோய் இல்லை. 4.4 சதவீதம் பேருக்கு இமைத் திட்டு இருந்தது. அவர்களுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 48 சதவீதம் கூடுதலாக இருந்தது. வயது, புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் அளவு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் நின்ற எண் இது. அதாவது கொலஸ்ட்ரால் அறிக்கை சரியாக இருந்தாலும் திட்டுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. கருவிழியைச் சுற்றி வரும் வெள்ளை வளையத்தையும் அதே ஆய்வில் பார்த்தார்கள். அதற்கு அப்படித் தனியான தொடர்பு எதுவும் தெரியவில்லை. 2011இல் வெளிவந்த முடிவுகள் இவை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் திட்டை நீக்கும் விளம்பரங்களில் இருதயத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அடுத்து, பரம்பரையாக வரும் உயர் கொலஸ்ட்ரால் நோய். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோயின் கதையே தோலில்தான் தொடங்குகிறது. 1930களின் இறுதியில் நார்வே மருத்துவர் கார்ல் முல்லர், தோலிலும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களிலும் கொழுப்புக் கட்டிகள், ரத்தத்தில் மிகுந்த கொலஸ்ட்ரால், இளவயதில் நெஞ்சுவலி ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் சேர்ந்தே வருவதைக் கவனித்து எழுதினார். 1970களில் அமெரிக்காவின் டல்லாஸில் மைக்கேல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும், இந்த நோய் கடுமையாக இருந்தவர்களின் தோலிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். ரத்தத்திலுள்ள எல்டிஎல் கொலஸ்ட்ராலை, அதாவது கெட்ட கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்வதை, பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பி அந்தச் செல்களில் வேலை செய்யவில்லை. எல்டிஎல் ஏற்பி என்று ஒன்று இருப்பதே அப்படித்தான் தெரியவந்தது. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. கொலஸ்ட்ராலைக் குறைக்க இன்று கோடிக்கணக்கானோர் விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்ற புரிதல், ஒரு சிறு துண்டுத் தோலிலிருந்து வந்தது. கொலஸ்ட்ரால் உங்கள் துறையைச் சேர்ந்ததில்லை என்று யாராவது சொன்னால் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த நோய் அரிதானதும் அல்ல. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு, பெற்றோரில் ஒருவரிடமிருந்து இந்த மரபணுப் பிழை வருகிறது. சிகிச்சை இல்லாவிட்டால் ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 50 வயதுக்குள் இருதய ரத்தக்குழாய் நோய் வந்துவிடும். ஆனாலும் உலகில் இந்த நோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இது இருப்பதே தெரியாது. குதிகால் தசைநாண் தடித்திருப்பதும், கைவிரல் மூட்டுகளின் மேல் தசைநாணில் கட்டி இருப்பதும் இதற்கு மிக வலுவான அடையாளங்கள். இந்த நோயைக் கண்டறிய டச்சு லிப்பிட் மருத்துவமனைகளின் கூட்டமைப்பு வகுத்த மதிப்பெண் முறையில் தசைநாண் கட்டிக்கு மட்டும் 6 மதிப்பெண். இத்தனைக்கும் அது விரலால் தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கக்கூடியது. கருவி வேண்டாம், செலவும் இல்லை. தோலைத் தொட்டுப் பார்ப்பதில் உங்களைவிடத் தேர்ந்தவர்கள் யார்?

பெற்றோர் இருவரிடமிருந்தும் பிழை வந்த குழந்தைகளின் நிலை இன்னும் கொடியது. பத்து வயதுக்குள்ளேயே முழங்கை, முழங்கால், பிட்டம், விரலிடுக்கு ஆகிய இடங்களில் மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த தடிப்புகள் வரும். பெற்றோர் அதை மரு என்று நினைத்து உங்களிடம்தான் கூட்டி வருவார்கள். விரலிடுக்கில் வரும் தட்டையான மஞ்சள் தடிப்பு ஏறக்குறைய இந்த நோயை மட்டுமே சுட்டும். அந்தக் குழந்தைக்கு மாரடைப்பு பதின்ம வயதிலேயே வரலாம், சிலருக்கு அதற்கும் முன்பே. மரு என்று சுட்டு அனுப்பிவிட்டால் அந்தக் குழந்தை இழப்பது சில வருட சிகிச்சையை மட்டுமில்லை. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லைப் பிரித்தெடுக்கும் முறை இருக்கிறது. எல்டிஎல் ஏற்பி வேலை செய்யாதபோதும் பலன் தரும் எவினாகுமாப் என்ற மருந்துக்கு 2021இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒப்புதல் கிடைத்தது. கையில் மருந்து இருக்கும் காலத்தில் அடையாளம் தவறிப்போவதுதான் மனதைப் பிசைகிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் ஓர் ஆய்வு இருக்கிறது. 2019இல் வெளியானது. பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் இருந்து, சிறுவயதிலேயே ஸ்டேட்டின் தொடங்கிய 214 பேரை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். அவர்களுடைய பெற்றோரில் யாருக்கு அதே நோய் இருந்ததோ அவர்களோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பெற்றோருக்கு இளம் வயதில் இந்த மருந்து கிடைத்திருக்கவில்லை. 39 வயதுக்குள் இருதய நோய்ச் சம்பவம் நேர்ந்தது பெற்றோரில் 26 சதவீதம் பேருக்கு, பிள்ளைகளில் 1 சதவீதத்தினருக்கு. பெற்றோரில் 7 சதவீதத்தினர் அந்த வயதுக்குள் இருதய நோயால் இறந்திருந்தார்கள். பிள்ளைகளில் ஒருவரும் இறக்கவில்லை. அதே குடும்பம், அதே மரபணுப் பிழை. இந்த எண்களை முதலில் படித்தபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் தாண்டவே இல்லை.

மற்ற சில அடையாளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்தவைதான். முதுகிலும் பிட்டத்திலும் கைகால்களிலும் திடீரென்று கொத்துக் கொத்தாக மஞ்சள் பருக்கள் கிளம்பினால் டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு டெசிலிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டியிருக்கலாம், கணைய அழற்சி பக்கத்தில் இருக்கலாம், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. உள்ளங்கை ரேகைகளில் மஞ்சள் கோடு ஓடினால் அது வேறொரு பரம்பரைக் கொழுப்புக் கோளாறு. தசைநாண் கட்டியோடு சிறுவயதிலிருந்தே தீராத வயிற்றுப்போக்கும் இளவயதில் கண்புரையும் இருந்தால், கொழுப்பு உடலில் தேங்கி மூளையைப் பாதிக்கும் அரிய நோய் ஒன்றை நினைக்க வேண்டும். அதற்குக் கீனோடீஆக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால்தான் முழுப் பலன். கொழுப்பைக் கிட்டத்தட்டக் கையாளவே முடியாத குடும்பவழி கைலோமைக்ரான் நோய்க்கும் இப்போது வழி பிறந்திருக்கிறது. ஓலெசார்சென் என்ற ஊசிமருந்துக்கு 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. முன்பெல்லாம் கண்டுபிடித்தாலும் பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை என்று சொல்லலாம். இன்று அப்படிச் சொல்ல முடியாது.

சரி, இனி என் நோய்க்கு வருகிறேன்.

சோரியாசிஸ் தோலோடு நிற்கிற நோய் இல்லை என்று எனக்கு எந்த மருத்துவரும் சொல்லவில்லை, நானே படித்துத்தான் தெரிந்துகொண்டேன். களிம்பு மாறியது, ஒளிச்சிகிச்சை நடந்தது, மாத்திரை வந்தது. எத்தனை சதவீதம் தோல் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கணக்கெடுத்தார்கள். ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, கொலஸ்ட்ரால் பார்க்கவில்லை, அப்பாவுக்கு என்ன நோய் என்று கேட்கவில்லை. யாரையும் குறை சொல்லி இதை எழுதவில்லை. வரிசையில் இன்னும் முப்பது பேர் காத்திருக்கும்போது தோலைப் பார்க்கவே நேரம் போதாது என்பது எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் போன்றவர்களுக்கு இது உயிர் விஷயம்.

2006இல் பிரிட்டனின் பொதுமருத்துவப் பதிவுகளை வைத்து அமெரிக்கத் தோல் மருத்துவர் ஜோயல் கெல்ஃபாண்ட் குழுவினர் செய்த ஆய்வு வெளியானது. ஏறக்குறைய 1,31,000 சோரியாசிஸ் நோயாளிகளின் பதிவுகள் அதில் இருந்தன. கடுமையான சோரியாசிஸ் உள்ள 30 வயதுக்காரருக்கு மாரடைப்பு ஆபத்து, அதே வயதில் நோய் இல்லாதவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. 60 வயதில் அந்த வித்தியாசம் 36 சதவீதமாகச் சுருங்குகிறது. முப்பது வயதில் மாரடைப்பு என்பதே அபூர்வம், எனவே மூன்று மடங்கு என்றாலும் எண்ணிக்கையில் அது சிறியதுதான். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் இளைஞர்கள்தான் "நமக்கென்ன" என்று பரிசோதனை செய்யாமல் இருப்பவர்கள், அவர்களிடம்தான் வித்தியாசம் பெரிதாக இருக்கிறது. இது கவனிக்க வேண்டியதா இல்லையா?

ஏன் இப்படி என்பதற்கும் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. தோலைச் சிவக்கவைக்கும் அழற்சி ரத்தத்திலும் ஓடுகிறது, ரத்தக்குழாய்ச் சுவரிலும் இருக்கிறது. 2012இல் வந்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. சோரியாசிஸ் உள்ளவர்களின் எச்டிஎல், அதாவது நல்ல கொலஸ்ட்ரால் என்று நாம் சொல்வது, அளவில் மட்டுமல்ல, தன் வேலையிலும் பின்தங்குகிறது. செல்களிலிருந்து கொலஸ்ட்ராலை வெளியே இழுக்கும் அதன் திறன் குறைந்திருக்கிறது. சோரியாசிஸுக்கு சிகிச்சை கொடுத்த பிறகு அந்தத் திறன் மேம்பட்டதையும் பின்னர் கண்டார்கள். ஆக, ஆய்வக அறிக்கையில் எச்டிஎல் எண் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பார்த்து ஒரு சோரியாசிஸ் நோயாளியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்ப முடியாது.

சோரியாசிஸுக்குத் தரும், அழற்சியைத் தடுக்கும் உயிரியல் ஊசிமருந்து இருதயத்தையும் காப்பாற்றிவிடும் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த நம்பிக்கைக்கு இன்னும் உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. ரத்தக்குழாய்ப் படிவு குறைந்ததாகச் சில தொடர் ஆய்வுகள் காட்டின. ஆனால் அப்படிப்பட்ட ஊசிமருந்துகளில் ஒன்றான அடாலிமுமாபை மருந்தில்லா ஊசியோடு ஒப்பிட்டுச் செய்த சோதனையில், பெருந்தமனியின் அழற்சியில் வித்தியாசம் தெரியவில்லை. எனவே தோல் சுத்தமாகிவிட்டது, இருதயமும் பத்திரம் என்று எங்களிடம் சொல்லிவிடாதீர்கள். கொலஸ்ட்ராலைக் குறைப்பது, ரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துவது, புகையை விடுவது ஆகியவற்றுக்குத்தான் உறுதியான ஆதாரம் இருக்கிறது.

வழிகாட்டு நெறிகள் இல்லாமலும் இல்லை. 2018இல் அமெரிக்க இருதய அமைப்புகள் வெளியிட்ட கொலஸ்ட்ரால் நெறிமுறை, சோரியாசிஸை இருதய ஆபத்தைக் கூட்டும் காரணிகளில் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்தது. ஸ்டேட்டின் தொடங்கலாமா வேண்டாமா என்று ஊசலாடும் நிலையில் அது தொடங்கும் பக்கம் எடை கூட்டும். 2019இல் அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகமும் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளையும் சேர்ந்து எழுதிய நெறிமுறை, தோலில் 10 சதவீதத்துக்கு மேல் பாதித்தவர்களுக்கும், உடல் முழுவதும் செயல்படும் மருந்தோ ஒளிச்சிகிச்சையோ தேவைப்படுபவர்களுக்கும் இருதய ஆபத்துக் கணக்கை ஒன்றரை மடங்காக்கிப் பார்க்கலாம் என்றது. காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. அது எங்கள் மருந்துச் சீட்டுவரை வருவதில்லை.

"லிப்பிட் எல்லாம் எங்கள் வேலை இல்லை" என்று ஒரு பதில் வரலாம். அதை நான் ஏற்கமாட்டேன். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் எழுதும்போது டிரைகிளிசரைடு ஏறும் என்று நீங்களே லிப்பிட் பரிசோதனை எழுதுகிறீர்கள். சோரியாசிஸுக்குத் தரும் அசிட்ரெட்டின் மாத்திரைக்கும் எழுதுகிறீர்கள். தோல் அழற்சிக்கும் முடி உதிர்வுக்கும் இப்போது வந்திருக்கும், நோயெதிர்ப்பு வேகத்தைத் தணிக்கும் ஜேஏகே தடுப்பு மாத்திரைகளுக்கும் எழுதுகிறீர்கள். பதினெட்டு வயதுப் பையனின் பருவுக்குக் கை தானாகப் பரிசோதனையை எழுதுகிறது. நாற்பது வயதில் உடம்பில் பாதி சோரியாசிஸோடும் பருத்த வயிற்றோடும் வருபவருக்கு அதே கை எழுதுவதில்லை. மருந்து கொழுப்பைக் கூட்டுமோ என்று பார்க்கும் அக்கறை, நோயே கொழுப்போடு வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கும் நீள வேண்டும். படிவமும் ஆய்வகமும் ஏற்கெனவே உங்கள் மேசையில் இருக்கின்றன.

அதோடு கொழுப்பின் வேதியியல் உங்கள் சொந்த நிலமும்கூட. போரோகெராட்டோசிஸ் என்ற தோல் நோய், செல் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் பாதையிலுள்ள மரபணுக்களின் பிழையால் வருகிறது என்று 2012 முதல் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. பிறகு உங்கள் துறையினரே கொலஸ்ட்ராலையும் லோவாஸ்டேட்டினையும் கலந்து ஒரு களிம்பாக்கித் தடவிப் பார்த்தார்கள், பலருக்குப் பலன் கிடைத்தது. இருதய மாத்திரையைத் தோல் களிம்பாக்கும் அளவுக்குத் துணிந்தவர்களுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை பெரிய காரியமே இல்லை.

வழிகாட்டு நெறி எழுதுவோரிடமும் பாடநூல் தயாரிப்போரிடமும் ஒன்று கேட்க வேண்டும். பாடப் படங்களில் பெரும்பாலும் வெளிர்த் தோல்தான். கருந்தோலில் சோரியாசிஸ் சிவப்பாகத் தெரியாது, ஊதாவோ கரும்பழுப்போ ஆகத் தெரியும். மஞ்சள் என்று படித்த கொழுப்புத் தடிப்பு, பழுப்புத் தோலில் தோல்நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். பின்கழுத்திலும் அக்குளிலும் தோல் கறுத்துத் தடிப்பது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், கூடவே டிரைகிளிசரைடு உயர்வும் எச்டிஎல் குறைவும் வருவது வழக்கம். அதை அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லா நிறத் தோலிலும் இந்த அடையாளங்கள் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் கற்பியுங்கள். 2025 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தோல் நோய்களை உலகப் பொதுச் சுகாதார முன்னுரிமையாக ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. நாடுகள் இனித் திட்டம் தீட்டும்போது உங்களைத்தான் கேட்பார்கள். அந்தத் திட்டத்தில் இதையும் சேருங்கள்.

நடைமுறை பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் வரவேண்டுமே, நோயாளி திரும்பி வரமாட்டாரே என்ற தயக்கம் இனி வேண்டாம். வழக்கமான லிப்பிட் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை என்று 2016இலேயே ஐரோப்பிய வல்லுநர் குழு கூட்டறிக்கை வெளியிட்டுவிட்டது. டிரைகிளிசரைடு மிக அதிகமாக வந்தால் மட்டும் வெறும் வயிற்றில் மறுபடி பார்த்தால் போதும். உங்கள் அறையிலிருந்து நேராக ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஸ்டேட்டினை நீங்களே தொடங்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. விரும்பினால் செய்யுங்கள். இல்லாவிட்டால் நோயாளியின் பொது மருத்துவருக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள்: தோலில் என்ன பார்த்தீர்கள், எண் என்ன வந்தது, என்ன சந்தேகப்படுகிறீர்கள். அந்தச் சீட்டில் நோயாளிக்கும் ஒரு நகல் கொடுங்கள், ஏனென்றால் கடிதங்கள் வழியில் தொலைந்துபோகும், நோயாளி தொலைக்கமாட்டார்.

அப்புறம், எல்டிஎல் டெசிலிட்டருக்கு 190 மில்லிகிராமைத் தாண்டியிருந்தாலோ தசைநாணில் கட்டி தட்டுப்பட்டாலோ, அந்த ஒருவரோடு நிறுத்திவிடாதீர்கள். பரம்பரை உயர் கொலஸ்ட்ரால் என்றால் அவருடைய ஒவ்வொரு பிள்ளைக்கும், உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அவர்களுக்குத் தோலில் இன்னும் எதுவும் தெரிந்திருக்காது. பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதிக்கச் சொல்லி அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
உங்கள் நோயாளிகளில் ஒருவன்